இண்டியானாபொலிஸுக்கு பஸ்ஸா, விமானமா, இல்லை போகாமலே இருந்துவிடுவதா?

"எல்லாரையும் ஃப்ளைட்டில் கூட்டிக்கொண்டு போனால் என்ன?"

எங்கள் டெக்சாஸ் பள்ளி பேண்டை இண்டியானாபொலிஸ் போட்டிக்கு எப்படி அனுப்புவது என்று பேசும் பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் முதலில் வருகிற கேள்வி இதுதான், கேட்பவர் பெரும்பாலும் நம்மவராக இருப்பார். கேள்வியில் தப்பில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், பெரியவள் மெல்லஃபோன் என்ற பித்தளை ஊதுவாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் வகுப்பில், மைதானத்தில் நடந்துகொண்டே வாசிக்கும் மார்ச்சிங் பேண்டில் சேர்ந்தபோது, நானும் இதையேதான் கேட்டேன். அதற்குப் பிறகு ட்ரக்கில் மாரிம்பா (சட்டங்களைத் தட்டி வாசிக்கும் பெரிய வாத்தியம்) ஏற்றுவது, நடு ராத்திரியில் பஸ்ஸுக்குள் தலை எண்ணுவது, பஸ் கம்பெனிகளிடம் விலை கேட்டு எக்செல்லில் போடுவது என்று எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. இப்போது சின்னவன் சேரப் போகிறான், கேள்வி மறுபடி கிளம்பிவிட்டது, அதனால் என் கணக்கை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பத்தி. மியூசிக் ஃபார் ஆல் என்ற அமைப்பு நடத்துகிற பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா போட்டிகள்தான் இங்கே உயர்நிலைப் பள்ளி பேண்டுகளுக்குப் பெரிய மேடை. அதில் உச்சம் கிராண்ட் நேஷனல்ஸ். நவம்பர் நடுவில், இண்டியானாபொலிஸ் லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்தில், 2008 முதல் அங்கேதான். வியாழனும் வெள்ளியும் முதல் சுற்று, சனி காலை அரையிறுதி, சனி இரவு 12 பேண்டுகள் மட்டும் ஆடும் இறுதிச் சுற்று. இதற்குத் தகுதிச் சுற்று எதுவும் ஜெயித்து வர வேண்டியதில்லை, விண்ணப்பித்து, பணம் கட்டி, இடம் கிடைத்தால் போகலாம். ஆகவே முடிவு முழுக்க நம் தலையில்தான். டல்லாஸுக்கு வடக்கே, நம் ஃப்ரிஸ்கோ பக்கமிருந்து ஏறக்குறைய 900 மைல்: ஐ-30 பிடித்து லிட்டில் ராக், அங்கிருந்து ஐ-40இல் மெம்பிஸ் ஓரம் வரை, அப்புறம் ஐ-55, ஐ-57 என்று வடக்கே ஏறி, எஃபிங்ஹாமில் திரும்பி ஐ-70இல் கிழக்கே. காரில் விரட்டினால் 14 மணி நேரம். பஸ்ஸில் சாப்பாடு, டீசல், கழிப்பறை எல்லாம் சேர்த்து 16, 17.

முதலில் போகாமல் இருப்பதைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் இதைத்தான் யாரும் ஒரு வழியாகவே கணக்கில் எடுப்பதில்லை. அதே அமைப்பு சான் அன்டோனியோவில் அலமோடோம் அரங்கில் ஒரு சூப்பர் ரீஜனல் (பெரிய வட்டாரப் போட்டி) நடத்துகிறது. நமக்கு 300 மைல், ஆஸ்டினில் ஐ-35 கழுத்தைப் பிடிக்காமல் இருந்தால் 5 மணி நேரம். டெக்சாஸின் பெரிய பேண்டுகளில் பெரும்பாலானவை அங்கே வந்து நிற்கும். கிராண்ட் நேஷனல்ஸுக்கு உள்ள அதே மதிப்பெண் முறை, அதே மாதிரி மூடிய அரங்கத்தின் எதிரொலி. அங்கே இறுதிச் சுற்றுக்குள் நுழைவது இண்டியானாபொலிஸில் அரையிறுதிக்குள் நுழைவதைவிடச் சுலபம் என்று யாராவது சொன்னால் அவர் அலமோடோமில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்ததில்லை என்று அர்த்தம்.

டெக்சாஸ் பேண்டுகள் கிராண்ட் நேஷனல்ஸ் ஜெயித்த வருஷங்களைக் கொஞ்சம் பாருங்கள். எல்.டி. பெல் 2007, த வுட்லண்ட்ஸ் 2013, வாண்டெக்ரிஃப்ட் 2019. எல்லாம் ஒற்றைப்படை. தற்செயல் இல்லை, அப்போதெல்லாம் பெரிய பள்ளிகளுக்கான மாநிலப் போட்டி இரட்டைப்படை வருஷத்தில்தான் நடக்கும், நடுவில் வரும் வருஷத்தில் வடக்கே போவார்கள். இப்போது மாநிலப் போட்டி ஒவ்வொரு வருஷமும். சான் அன்டோனியோ, மாநிலப் போட்டி, இண்டியானாபொலிஸ் மூன்றும் சில வாரங்களுக்குள் வரிசை கட்டி நிற்கும். முதல் முறை போகிற பேண்ட், அரையிறுதி வரவில்லை என்றால் 1,800 மைல் போய்வந்து ஆடுவது ஒரே ஒரு 7, 8 நிமிட ஷோ. அதற்குப் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன், அந்த அரங்கத்தில் ஒரு முறை ஆடிய பிள்ளை வேறு மாதிரி நிமிர்ந்து நடக்கும். ஆனால் பேண்டில் பாதிப் பேர் ஒன்பதாம் வகுப்பு என்றால் அந்த வருஷம் சான் அன்டோனியோவே போதும் என்பது என் கட்சி.

சரி, போவதென்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 180 பிள்ளைகள், கூடப் போகிற பெரியவர்கள் 20 பேர்.

மஞ்சள் பள்ளி பஸ்ஸை ஒரு வரியில் முடித்துவிடலாம்: 100 மைல் வரைக்கும் சரி, அதற்கு மேல் கழிப்பறை இல்லாத வண்டியில் ஆறடி டியூபா பையனை முழங்கால் மடக்கி உட்கார வைப்பது பாவம்.

விமானம். டல்லாஸிலிருந்து இரண்டு மணி நேரப் பறப்பு, கேட்கவே இனிக்கிறது. ஆனால் 180 பேரும் 20 பெரியவர்களும் ஒரே விமானத்தில் ஏற முடியாது. நம்மூர் சவுத்வெஸ்ட்டின் பெரிய 737களிலேயே 175 இருக்கைதான், அதுவும் முழு விமானத்தையும் நமக்கே யாரும் தரப்போவதில்லை. ஆகவே மூன்று அல்லது நாலு விமானம். அதில் ஒன்று தாமதமானாலோ ரத்தானாலோ ட்ரில்லில் (மைதானத்தில் பிள்ளைகள் நகர்ந்து போடும் அணிவகுப்பில்) 40 ஓட்டை விழும், டைரக்டர் வெறும் புல்லைப் பார்த்து ஒத்திகை நடத்த வேண்டியதுதான். ஒருவருக்கு இரண்டு பெட்டி இலவசம் என்கிற சுகமும் 2025 மே 28இலிருந்து எடுத்த டிக்கெட்டுகளுக்குப் போய்விட்டது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. இண்டியானாபொலிஸில் இறங்கின பிறகு? விமான நிலையத்திலிருந்து ஹோட்டல், ஹோட்டலிலிருந்து ஒத்திகை நடக்கிற பள்ளி மைதானம், அங்கிருந்து ஸ்டேடியம், சாப்பாட்டுக்கு ஒரு இடம், திரும்ப ஹோட்டல். 200 பேரை இப்படி நாலு நாள் சுற்றிக் கொண்டுபோக நாலு பஸ் வேண்டும். அதாவது விமானத்தில் போனால் பஸ் செலவு மிச்சமாவதில்லை, டிக்கெட் செலவுக்கு மேலே பஸ் செலவும் வரும். இங்கிருந்தே பஸ்ஸில் போனால் அதே பஸ் அங்கே நாலு நாளும் நம் வாசலில் நிற்கும். ஒரு பேச்சுக்கு பஸ் ஒன்றுக்கு 9,000 டாலர் என்று வையுங்கள், நாலுக்கு 36,000, 180ஆல் வகுத்தால் தலைக்கு 200. இந்த 200இல் உள்ளூர்ச் சுற்றலும் அடங்கிவிட்டது. விமான டிக்கெட் விலையை இதோடு நேராக ஒப்பிட்டு "அவ்வளவு ஒன்றும் வித்தியாசம் இல்லையே" என்று சொல்கிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் டெக்சாஸின் 'நோ பாஸ், நோ ப்ளே'. 1980களிலிருந்து இருக்கிற விதி, ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் போட்டியில் ஆட முடியாது. அக்டோபர் மதிப்பெண் வரும்போது எப்படியும் ஓரிரு பிள்ளைகள் மாட்டும். பஸ்ஸில் அது ஒரு காலி இருக்கை. விமானத்தில் அது ஒரு டிக்கெட், அதை வைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போய் யார் பேசுவது? குழுவாக டிக்கெட் எடுத்தால் பெயர்களைக் கொஞ்சம் தள்ளிக் கொடுக்கலாம்தான், ஆனால் கடைசி வாரம் வரைக்கும் இல்லை.

விமானத்துக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நியாயமில்லை. பள்ளி நாள் இரண்டுதான் போகும், பிள்ளைகள் தூங்கி எழுந்து போவார்கள். ஹூஸ்டன், ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கு மாதிரி இன்னும் தெற்கே இருக்கிற பள்ளி என்றால் நானே விமானத்துக்குக் கை தூக்குவேன்.

ஆனால் எல்லா வழிக்கும் பொதுவாக ஒரு ஆள் இருக்கிறார், அவர்தான் உண்மையில் முடிவெடுக்கிறவர்: ட்ரக். சூசாஃபோன், பேஸ் ட்ரம், மாரிம்பா, ஷோவுக்குக் கட்டின மேடைகள், யூனிஃபார்ம் பெட்டிகள் எல்லாம் 53 அடி ட்ரெய்லரில் போகும், பிள்ளைகள் எதில் போனாலும். சரக்கு லாரி ஓட்டுகிறவர் மத்திய விதிப்படி 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். 900 மைலை ஒரே ஆள் ஒரே நாளில் முடிக்க வழியில்லை. ஆகவே பிள்ளைகள் விமானத்திலோ இரவு பஸ்ஸிலோ போனால் ட்ரக் ஒரு நாள் முன்னாலேயே கிளம்ப வேண்டும், அதாவது கிளம்புவதற்கு முந்தின கடைசி ஒத்திகையில் வாத்தியம் இல்லாமல் வாயால் "டூட், டூட்" என்று பாடிக்கொண்டே நடக்க வேண்டும். நாங்கள் ஒரு தடவை அப்படிச் செய்தோம். தூரத்திலிருந்து பார்க்க வேடிக்கையாக இருந்தது, டைரக்டருக்கு இல்லை.

இதோடு குளிரும் சேரும். நவம்பரில் இண்டியானாபொலிஸ் இரவுகள் பெரும்பாலும் உறைநிலையை ஒட்டியே இருக்கும், ட்ரெய்லரில் ஹீட்டர் கிடையாது. பித்தளை குளிர்ந்தால் சுருதி இறங்கும். நம்ம ஊர் 80 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் பழகிய பிள்ளை அந்த மெல்லஃபோனைக் கையில் வாங்கின முதல் அரை மணி நேரம் கேட்கவே பரிதாபமாக இருக்கும். ஆகவே போட்டிக்கு முந்தின நாளே போய் ஒரு முழு ஒத்திகை வேண்டும், எந்த வழியில் போனாலும். என் மகள் ஊதுவாயை மட்டும் கழற்றிச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பாள், சூடாக இருக்க. மூத்த பிள்ளைகள் சொல்லிக்கொடுத்ததாம்.

இனி பஸ். இதில் இரண்டு விதம், சண்டை நடப்பது இங்கேதான்.

இரவு பஸ் என்பது புதன் பள்ளி முடிந்து 5 மணிக்கு ஏறி, வழியெல்லாம் இருட்டில் ஓடி, வியாழன் காலை 10, 11 மணிக்கு அங்கே இறங்குவது. இண்டியானாபொலிஸ் நமக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருப்பதால் அந்த ஒரு மணியும் தூக்கத்திலிருந்துதான் போகும். பள்ளி நாள் வியாழன், வெள்ளி இரண்டே. ஹோட்டல் அறை ஒரு இரவு மிச்சம், நாலு பேருக்கு ஒரு அறை என்றால் பிள்ளைகளுக்கே 45 அறை, சின்னத் தொகை இல்லை. காகிதத்தில் இதுதான் ஜெயிக்கிறது, பெரும்பாலான பேண்டுகள் இப்படித்தான் போகின்றன.

காகிதத்தில் வராதது இதுதான். பயணிகள் பஸ் ஓட்டுநர் 8 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 10 மணி நேரம்தான் ஓட்டலாம், மொத்த வேலை நேரம் 15ஐத் தாண்டினால் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. ஆகவே பாதி வழியில் மாற்று ஓட்டுநர் காத்திருக்க வேண்டும், பஸ்ஸுக்கு ஒருவர் என்றால் நாலு பேர், அதற்குத் தனிப் பணம். அதிகாலை 2 மணிக்கு மெம்பிஸுக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் மாற்று ஆள் ஏறுவார், விளக்கு போடுவார்கள், எல்லாரும் விழிப்பார்கள், பாதிப் பேர் இறங்கி ஸ்லிம் ஜிம் வாங்கப் போவார்கள், தலை எண்ணினால் 55க்குப் பதில் 54 வரும், மறுபடி எண்ண வேண்டும். (அந்த ஒருவன் பஸ்ஸுக்குள்ளேயே, இருக்கைக்குக் கீழே தரையில் தூங்கிக்கொண்டிருந்தான்.) காலை 11க்குப் போய் இறங்கினால் ஹோட்டல் அறை 3, 4 மணிக்குத்தான். தூங்காத 180 பிள்ளைகளை அதற்குள் எங்கே வைத்துக்கொள்வது? நேராக ஒத்திகைக்கு. அந்த ஒத்திகையை நான் பார்த்திருக்கிறேன். கலர் கார்டு (கொடியும் போலி ரைஃபிளும் சுழற்றும் குழு) பெண் ஒருத்தி தன் ரைஃபிளைச் சுழற்றி எறிந்துவிட்டுப் பிடிக்க மறந்து நின்றாள்.

இன்னொரு விதம், பகலில் போய் வழியில் தங்குவது. புதன் காலை 7க்குக் கிளம்பினால் மெம்பிஸ் ஏறக்குறைய 470 மைல், சாயந்திரம் 4, 5 மணிக்குள் போய்விடலாம். ஒரே ஓட்டுநர், 10 மணி நேரத்துக்குள், மாற்று ஆள் தேவையில்லை. மறுநாள் மீதி 430 மைல், மதியம் தாண்டி இண்டியானாபொலிஸ், அறை தயாராக இருக்கும், மாலை ஒத்திகை, இரவு தூக்கம், வெள்ளி ஆட்டம். எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால் ட்ரக்கும் இதே வேகத்தில் பஸ்களோடேயே வரலாம், அதன் 11 மணி நேரக் கணக்குக்குள் இது அடங்கிவிடுகிறது. செவ்வாய் மாலை ஒத்திகையை வாத்தியத்தோடேயே முடித்துவிட்டு ஏற்றலாம். மாற்று ஓட்டுநர் பணம் மிச்சம், அது மெம்பிஸ் அறைச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டும், முழுவதையும் இல்லை.

நஷ்டம் ஒரு பள்ளி நாள். நம் வீடுகளில் இந்த ஒரு நாள் 900 மைலைவிடப் பெரிதாகத் தெரியும், ஏபி (கல்லூரித் தரப் பாடம்) கால்குலஸ், ஏபி கெமிஸ்ட்ரி, அன்றைக்கென்று பார்த்து லேப். என் மனைவியே இரவு பஸ் கட்சிதான், இந்தக் காரணத்துக்காகவே. நான் சொன்னது ஒன்றுதான்: வியாழன் முழுக்கத் தூங்காமல் இருந்தவள் திங்கள் வகுப்பில் எதைக் கேட்கப் போகிறாள்? வீட்டில் இது இன்னும் தீரவில்லை. ஆனாலும் என் ஓட்டு போகும்போது பகல் பஸ்ஸுக்குத்தான், செலவு தலைக்குச் சில பத்து டாலர் கூடினாலும். ஒரே ஒரு விதிவிலக்கு: முதல் சுற்று வியாழக்கிழமை என்று வந்துவிட்டால் செவ்வாயே கிளம்ப வேண்டும், நாலு நாள் போகும், அப்போது இரவு பஸ்காரர்கள் சொல்வதைக் கேட்க நான் தயார்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. 2021 நவம்பரில் மேற்கு டெக்சாஸில் ஆண்ட்ரூஸ் பள்ளி பேண்டின் பஸ் மீது ஐ-20இல் எதிர்த் திசையில் வந்த பிக்கப் மோதியது. 2023 செப்டம்பரில் நியூயார்க் ஃபார்மிங்டேல் பள்ளி பேண்ட், பயிற்சி முகாமுக்குப் போகும் வழியில், ஆறு பஸ்களில் ஒன்று பள்ளத்தில் உருண்டது, கூடப் போன பெரியவர்கள் இருவர் இறந்தார்கள். இரண்டுமே நடந்தது பகலில். ஆகவே இரவைத் தவிர்த்தால் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. 2016 நவம்பருக்குப் பிறகு தயாரான பெரிய பஸ்களில் எல்லா இருக்கைக்கும் தோள் பட்டையோடு பெல்ட் கட்டாயம். விலை கேட்கும்போதே வண்டி எந்த வருஷத்து மாடல் என்று கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் யுஎஸ்டிஓடி எண்ணை (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண்) வாங்கி மத்திய மோட்டார் கேரியர் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால் விபத்து, சோதனை விவரம் வரும், ஐந்து நிமிட வேலை. மாநிலம் தாண்டி ஓடும் இந்த அளவு பஸ்ஸுக்கு 50 லட்சம் டாலர் காப்பீடு இருக்க வேண்டும், அதன் சான்றையும் கேட்கலாம். ஓட்டுநருக்கு ஹோட்டலில் அமைதியான தனி அறை நாம் கொடுக்க வேண்டும், பிள்ளைகள் ஓடுகிற தளத்தில் வேண்டாம். இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிக்கிற கம்பெனியை அங்கேயே விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

விலை குறைவு என்று எடுத்து நாங்கள் மாட்டிக்கொண்ட கதையும் இருக்கிறது. டெக்ஸர்கானா தாண்டி மூன்றாவது பஸ் புகை விட்டு ஓரம் கட்டியது, மாற்று பஸ் வர மூன்று மணி நேரம். அதில் இருந்தது ட்ரம்லைன் முழுவதும். மற்ற மூன்று பஸ்ஸும் போய்ச் சேர்ந்து என்ன செய்ய, தாளமில்லாமல்? பையன்கள் என்னவோ சாலையோர வேலியில் உட்கார்ந்து குச்சியால் குளிர்பெட்டி மூடியில் முழு ஷோவையும் இரண்டு தடவை அடித்து முடித்தார்கள். அன்றிலிருந்து நான் சொல்வது, நண்பர்கள் ஒன்றாக உட்காரட்டும், ஆனால் ஒரு வாத்தியப் பிரிவு முழுவதையும் ஒரே வண்டியில் அடைக்காதீர்கள். பிள்ளைகள் முறைப்பார்கள், பரவாயில்லை.

சாப்பாடு எல்லாருக்கும் ஒரு பத்தி, சைவப் பிள்ளைகளுக்கு ஒரு பிரச்சினை. பஸ் நிற்கிற இடமெல்லாம் கோழி. முன்பதிவு செய்கிறவர்களிடம் சொல்லி வைத்தால் சீஸ் பீட்சாவோ வெஜ் சப்வேயோ ஏற்பாடு செய்வார்கள், அதை நம்பி மட்டும் அனுப்ப வேண்டாம். புளியோதரை இரண்டாம் நாள் மதியம் வரை தாங்கும், எலுமிச்சை சாதம் தாங்காது. மகள் முதல் வருஷம் வெட்கப்பட்டுப் பெட்டியைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். போன தடவை ட்ராம்போன் பையன்களுக்கென்று தனியாக ஒரு டப்பா கட்டச் சொன்னாள்.

திரும்பும் வழியில் என் கணக்கு மாறும். இறுதிச் சுற்றும் பரிசளிப்பும் முடியச் சனி நள்ளிரவு நெருங்கிவிடும், அப்படியே ஏறி ஓட்டினால் ஞாயிறு மாலை வீடு. இனி ஆட்டம் கிடையாது, பிள்ளைகள் பஸ்ஸில் தூங்கினால் நஷ்டமில்லை. அந்த ஓட்டுநர்கள் பகலில் உண்மையாகவே தூங்கியிருந்தால், மாற்று ஆள் எழுத்தில் இருந்தால், திரும்பும்போது இரவு பஸ் சரி. இரண்டில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் ஒரு இரவு தங்கி ஞாயிறு விடிகாலை கிளம்புவதுதான் சரி, திங்கள் முதல் பீரியட் போனால் போகட்டும். நாம் தனியாக விமானத்தில் போய் வரலாம், அங்கே போய் அவர்களைப் பார்க்க முடிவது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து இரண்டு நிமிடம்தான், அதற்கும் தயாராகப் போங்கள்.

ட்ரக் திங்கள் காலைதான் வந்து சேரும். இறக்க ஆள் வேண்டும், 6 மணிக்கு, பேண்ட் ஹால் பின்வாசலில். கையுறை கொண்டு வாருங்கள், மாரிம்பா சட்டத்தில் ஒரு பக்கம் கூர் இருக்கிறது.